பதினேழாம் பெட்டியின் உட்புறம்

என் அக்காவைக் கட்டியவர் மரச்சாமான் பட்டறையில் முப்பது வருடம் இழைப்புளி பிடித்தவர். அவர் செய்த அலமாரியின் முதுகுகூட, சுவரோடு ஒட்டி நிற்கிற அந்தப் பக்கம்கூட, வழவழவென்று இருக்கும். "அங்க யாரு தடவிப் பாக்கப் போறாங்க?" என்று அக்கா ஒருமுறை கேட்டுத் தொலைத்தாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

பட்டறையிலிருந்து நின்ற பிறகு அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஊருக்கு வெளியே இருக்கும் காட்டில், பொந்து விழுந்த பழைய மரங்கள் புயலில் சாய்ந்துவிட்டன. பறவைக்கும் வௌவாலுக்கும் பெட்டி செய்து மாட்ட ஆள் வேண்டும் என்று வனக்காவலர் கேட்டதும் அத்தான் முதல் ஆளாகப் போய் நின்றார். ஏணி பிடிக்க என்னையும் இழுத்துக்கொண்டார்.

வனக்காவலர் ஒன்றே ஒன்றைத்தான் படித்துப் படித்துச் சொன்னார். "உள்பக்கம் மட்டும் இழைக்காதீங்க. அறுத்த பலகை சொரசொரன்னு அப்படியே இருக்கட்டும்." அத்தான் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாளை எடுத்துவிட்டார்.

"அவர் அவ்வளவு சொன்னாரே, அத்தான்."

"பிறந்த குஞ்சு மாப்ள, உடம்புல முடிகூட இருக்காது. சிராய் குத்தினா யாருகிட்ட போய்ச் சொல்லும்?"

நான் வாயை மூடிக்கொண்டேன். மூடியிருக்கக் கூடாது.

முப்பது பெட்டிகளை மாட்டினோம். வௌவால்கள் வந்து பார்த்துவிட்டு, கால் பிடிக்க இடமில்லாமல் போய்விட்டன. "வாடகை கட்டுப்படியாகலை போல" என்று நான்தான் கிண்டல் செய்தேன். பதினேழாம் பெட்டியில் மட்டும் ஒரு குருவி ஜோடி குடியேறியது. அத்தான் தினமும் காலையில் போய்க் கீழே நின்று குருவிகளோடு பேசிவிட்டு வருவார். அக்காவிடம் அவர் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை.

ஒரு நாள் நாங்கள் ஏணியோடு போனபோது, தாயும் தகப்பனும் பெட்டிக்குள் போகாமல், அலகில் புழுவோடு பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து, வளர்ந்த குஞ்சுகளை வெளியே கூப்பிட்டுக்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து கீறும் சத்தம். பிறகு பொத்தென்று விழும் சத்தம். மறுபடி கீறல், மறுபடி பொத்.

அத்தான் மரத்தில் காதை வைத்துக் கேட்டார். "வழுக்குது மாப்ள. துளை வரைக்கும் ஏற முடியல."

வனக்காவலர் வந்தார், அலுவலகத்துக்குப் போன் செய்தார். குஞ்சு இருக்கும் பெட்டியைப் பறவை டாக்டர் தவிர யாரும் திறக்கக் கூடாதாம். டாக்டர் நாளை மறுநாள்தான் வருவாராம். "என் கையில ஒண்ணும் இல்லைங்க" என்றார் பாவம்.

ஏணி என் தோளில்தான் இருந்தது. திறந்து ஒரு சாக்குத்துண்டை ஆணி அடிக்க ஐந்து நிமிடம் போதும். "ஏறுங்க அத்தான்" என்றேன். முதல் படியில் கால் வைத்தவர் இறங்கிவிட்டார்.

"ஒரு தடவை பேச்சைக் கேக்காமதான் இந்தக் கதி. இப்பவும் கேக்காம, அதுங்க மிரண்டு ஏதாவது ஆச்சுன்னா?"

நானாவது ஏறியிருக்கலாம். ஏறவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

பொழுது சாயும் வரை அங்கேயே நின்றோம். மறுநாளும் போய் நின்றோம். கீறும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. மத்தியானத்துக்கு மேல் தாய்க்குருவியும் வரவில்லை.

மூன்றாம் நாள் டாக்டர் திறந்தார். நான்கு குஞ்சுகள். இறக்கை முழுதாக வளர்ந்திருந்தது. அவர் யாரையும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

மற்ற பெட்டிகளைக் கழற்றி, உள்பக்கம் முழுக்க உளியால் கொத்திக்கொண்டிருக்கிறார் அத்தான். அழகான பலகையைக் காயப்படுத்த அவர் கை இன்னும் கூசுகிறது. பதினேழாம் பெட்டியை மட்டும் தொடவில்லை. நேற்று அதை வெளிச்சத்தில் சாய்த்து எனக்குக் காட்டினார். பளபளத்த பலகையில் மெல்லிய நகக் கீறல்கள், அடியிலிருந்து மேலே ஏறி ஏறிப் போயிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலிருந்த கீறலுக்கும் வட்டத் துளைக்கும் நடுவில் தன் விரல்களை வைத்து அளந்தார்.

"நாலு வெரலு, மாப்ள" என்றார். கையை எடுக்கவே இல்லை.