ஆனேக்கல் பக்கம் ஒரு ஜப்பான் விடுதி: கவிதாவுக்கு வைத்த தட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஜப்பானுக்குப் போன கதை இல்லை. ஜப்பானில் இருப்பது என் மனைவி கவிதா. நான் போனது ஆனேக்கல் வரைக்கும்தான்.

கவிதா பீன்யாவில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் இன்ஜினியர். ஒரு வருடத்துக்கு என்று சொல்லி நகோயா பக்கம் அனுப்பி வைத்தார்கள். அங்கே ரியோகான் என்கிற பழைய பாணி விடுதிகள் உண்டு. பாய் விரித்த அறை, தரையில் படுக்கை, பெரிய தொட்டியில் வெந்நீர்க் குளியல், அறைக்கே வரும் சாப்பாடு. "ஒரு நாளாவது அப்படி ஒண்ணுல தங்கணும் ரகு. ஆனா தனியாப் போக மனசு வரல" என்று ஒருமுறை போனில் சொன்னாள். அப்படிப்பட்ட விடுதி ஒன்று நம் ஊருக்குப் பக்கத்திலேயே இருப்பது தெரிந்ததும், எங்கள் கல்யாண நாளுக்கு அவள் லீவில் வருகிற சமயம் பார்த்து இரண்டு பேருக்குப் பதிவு செய்துவிட்டேன்.

லீவு ரத்தாகிவிட்டது. தொழிற்சாலையில் புதிய உற்பத்தி லைன் ஓட ஆரம்பிக்கிற நேரமாம். அதோடு இன்னொன்றும் வந்து சேர்ந்தது: மேலும் இரண்டு வருடம் இருக்க முடியுமா, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்று அவளைக் கேட்டிருந்தார்கள். அவள் என்னைக் கேட்டாள். "உன் இஷ்டம்" என்றேன். மறுநாளும் கேட்டாள், அதற்கும் அதே பதில். "வந்துடு" என்பது வாய் வரைக்கும் வரும். அவள் மல்லுக்கட்டிப் பிடித்த இடம் அது. எனக்கு வீட்டில் தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்பதற்காக அவளை இழுத்துக்கொண்டு வருவதா என்று தோன்றும். உடனே அங்கே குளிரா, இங்கே மழையா என்று பேச்சு மாறிவிடும்.

"பதிவு பண்ணதை வீணாக்காதே. எனக்கும் சேர்த்துப் போயிட்டு வா" என்றாள். சனிக்கிழமை கிளம்பினேன்.

மல்லேஸ்வரத்திலிருந்து போகிறவர்களுக்கு வழி ரொம்ப எளிது. சம்பிகே ரோடு மெட்ரோவில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் மஞ்சள் லைனுக்கு மாறி, கடைசி நிறுத்தமான பொம்மசந்திராவில் இறங்க வேண்டும். தொண்ணூறு ரூபாய்க்குள் ஆகும், ஒன்றேகால் மணி நேரம். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் எனக்கு இது தினசரி ஆபீஸ் ரயில். என் நிறுத்தம் வந்தபோது கால் தானாக எழுந்துவிட்டது. அடக்கி உட்கார வைத்தேன்.

பொம்மசந்திராவிலிருந்து ஆட்டோ. ஆனேக்கல் தாண்டி ஐந்து கிலோமீட்டர், நானூற்று ஐம்பதுக்குப் பேசி முடித்தேன். இடத்தைச் சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"அந்த ஜப்பான் மனெயா? தரையில படுக்க வெக்கிறாங்களாமே சார்?"

"ஆமாங்க."

"அதுக்குக் காசு வேற வாங்குறாங்களா? நம்ம வூட்டுக்கு வாங்க, சும்மாவே படுக்க வெக்கிறேன்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு பேர் அறைக்கு இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு உட்பட ஒன்பதாயிரம். தனியாகப் போனாலும் அதே ஒன்பதாயிரம்தான்.

ராகி வயலுக்கும் நீலகிரித் தைலமரத் தோப்புக்கும் நடுவில் தாழ்வான ஓட்டு வீடு, மொத்தமே நான்கு அறை. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. நடத்துபவர் கெய்கோ, நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு வந்தவர். சுற்றுவட்டாரத்து ஜப்பானிய இன்ஜினியர்களுக்கு வீட்டு ஞாபகம் வந்தால் தங்கட்டும் என்றுதான் இதை ஆரம்பித்தார்களாம். கெய்கோவுக்குக் கொஞ்சம் ஆங்கிலமும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கன்னடமும் தெரியும். மீதிக்கு மஞ்சுளா இருக்கிறார். ஆனேக்கல்காரர், அறைகளைப் பார்த்துக்கொள்பவர், நான்கு மொழியிலும் வாய் மூடாதவர்.

வாசலில் செருப்பை விட்டால் உள்ளே நடக்க ஒரு செருப்பு, கழிவறைக்கு வேறு செருப்பு. நான் கழிவறைச் செருப்போடு கூடம் வரைக்கும் வந்துவிட்டேன். "எல்லாரும் இதே தப்பைத்தான் பண்றாங்க, விடுங்க சார்" என்று மஞ்சுளா சிரித்தார். அறையில் புதுக் கோரைப்பாய் வாசனை. மடித்து வைத்த இரண்டு பருத்தி அங்கிகள், இரண்டு கோப்பைகள். நான் ஒருவன்தான் வருகிறேன் என்று தகவல் கொடுத்திருந்தேனே என்று ஒரு எரிச்சல் வந்தது. பேசாமல் குளிக்கப் போனேன். முதலில் குட்டி முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, அப்புறம்தான் மரத்தொட்டியில் இறங்க வேண்டும். வெந்நீர் ஊற்று ஒன்றும் கிடையாது, போர்வெல் தண்ணீரைக் காய்ச்சித்தான் நிரப்புகிறார்கள். ஆனாலும் கழுத்து வரை அமிழ்ந்ததும் உடம்பிலிருந்த ஒரு வாரத்து அலுப்பும் கரைந்து போனது. கவிதாவுக்கு இது ரொம்பப் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். அதற்கப்புறம் தொட்டியில் இருக்கப் பிடிக்கவில்லை.

ஆறரை மணிக்குச் சாப்பாடு. நான் சைவம் என்று முன்பே சொல்லியிருந்ததால் மீன் சேர்க்காமல் கடற்பாசியைக் கொதிக்க வைத்த நீரில் சூப், சுட்ட கத்தரிக்காய், டோஃபு, முள்ளங்கி ஊறுகாய், மூடி போட்ட கிண்ணத்தில் சோறு. குட்டைக் கால் வைத்த மரத்தட்டு ஒன்றை எனக்கு முன்னால் வைத்தார்கள். அதே போல இன்னொரு தட்டை எதிரே, ஆளில்லாத உட்காரும் மெத்தைக்கு முன்னால் வைத்துவிட்டு, கெய்கோ அதைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார்.

எனக்குப் பகீரென்றது. இல்லாத ஒருவருக்கு நம் வீட்டில் எப்போது இலை போடுவோம்? கும்பிட்டுப் படைப்பது யாருக்கு? அவள் நகோயாவில் உயிரோடு இருக்கிறாள்.

"இதை எடுங்க முதல்ல" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது. கெய்கோ முகம் வெளிறிப் போனார்.

மஞ்சுளாதான் குறுக்கே வந்தார். "சார், சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நானும் மொதல்ல பயந்துட்டேன். நம்ம கடே, நம்ம பக்கத்துல, இதெல்லாம் போய்ச் சேந்தவங்களுக்குத்தானே வெப்போம்? இவங்க ஊர்ல அப்டி இல்ல. உயிரோட இருக்கறவங்க, தூரப் பயணம் போயிருந்தா, அவங்களுக்கு வீட்ல வெப்பாங்களாம். போன எடத்துல பசியில்லாம இருக்கணும், நல்லபடியாத் திரும்பி வரணும்னு. இந்தம்மா வீட்டுக்காரர் குஜராத் போனாலே தெனம் வெப்பாங்க. உங்க மிஸஸ் ஜப்பான்ல இருக்காங்கன்னு நீங்க போன்ல சொன்னீங்கல்ல, அதான்."

கெய்கோவுக்கு என்ன புரிந்ததோ, அந்தத் தட்டைக் காட்டி, தனக்குத் தெரிந்த கன்னடத்தில் "பர்த்தாரே" என்றார். வருவார்கள். மறுபடியும், இன்னும் மெதுவாக, "பர்த்தாரே" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கிண்ணத்தின் மூடியைத் திறக்கச் சொல்லிக் கை காட்டினார். திறந்தேன். மூடியின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. அப்படி நின்றால் வெளியூர் போனவர் நலமாக இருக்கிறார் என்று கணக்காம். சுடுசோற்றை மூடி வைத்தால் தண்ணீர் கோக்காமல் என்ன செய்யும்? எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் அந்த மூடியை வைக்க மனம் வராமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போனதும் கவிதாவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே மணி பத்தைத் தாண்டியிருந்தது. சீருடையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எதிர்த் தட்டைக் காட்டினேன்.

"யாருக்கு அது?"

"உனக்கு."

"எனக்கா? ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

சிரித்துவிட்டேன். அப்புறம் மஞ்சுளா சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"இன்னைக்கு ரெண்டு ரொட்டிதான் சாப்பிட்டேன். வர்றதுக்குள்ள கேன்டீன் மூடிட்டாங்க."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "கவி, வந்துடு. நீ இல்லாம எனக்கு நல்லாவே இல்ல."

"இத்தனை நாள் உன் இஷ்டம், உன் இஷ்டம்னுதானே சொன்ன? நான் இங்க இருந்தா உனக்கு ஒண்ணும் இல்லபோலன்னு நெனச்சேன்."

"உன் வேலையைக் கெடுக்கக் கூடாதுன்னுதான்..."

"கெடுக்கறதும் கெடுக்காததும் நான் பாத்துக்கறேன். வேணும்னா வேணும்னு சொல்லணும்ல?" மூக்கை உறிஞ்சினாள். "சோறு ஆறுது பாரு. என்னோடதையும் நீயே சாப்பிடு, வீணாக்காதே."

இரண்டு தட்டையும் காலி செய்தேன். அப்படித்தான் செய்ய வேண்டுமாம், வீட்டிலிருப்பவர்களே சாப்பிட்டுவிடலாம் என்று மஞ்சுளா பிறகு சொன்னார். மறுநாள் காலை கிளம்பியபோது கெய்கோவும் மஞ்சுளாவும் வாசலுக்கு வந்து கை அசைத்தார்கள். வளைவு வரைக்கும் வந்ததும் ஆட்டோக்காரர் கண்ணாடியைப் பார்த்து, "இன்னும் ஆட்டிட்டே இருக்காங்க சார்" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: வார இறுதி அறைக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லி வையுங்கள். சைவம் என்றால் மறக்காமல் தெரிவியுங்கள், இல்லாவிட்டால் சூப்பில் மீன் இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் தரைப் படுக்கைக்கு யோசித்துக்கொள்ளுங்கள். திரும்பி வர ஆட்டோ கிடைப்பது கஷ்டம், வந்த ஆட்டோக்காரரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் யாராவது வெளியூரில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். எதிரே தட்டு வந்தால் என்னைப் போலக் கத்தாதீர்கள்.

திங்கட்கிழமை கவிதா பதில் சொல்லிவிட்டாள். இரண்டு வருடம் முடியாது, புது லைன் நிலைப்படும் வரை ஆறு மாதம், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்று. ஆறு மாதம் கொஞ்ச நாளா என்ன? வீட்டில் குக்கர் விசில் அடங்கினால் அப்புறம் சத்தமே இருப்பதில்லை.

இப்போதெல்லாம் குக்கரைத் திறந்ததும் அவள் கிண்ணத்தில் முதலில் சோறு போட்டு மூடி வைக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திருப்பி, தண்ணீர் நிற்பதைப் படம் எடுத்து அனுப்புகிறேன். வேறு எதுவும் எழுதுவதில்லை. அவளிடமிருந்து தினமும் ஒரே கேள்விதான் வருகிறது: "குழம்பு என்ன?"