அக்காவின் இடக்கை

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய நான் வணங்கி எழுதுவது. அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னார்கள். நாலு வரி போதாது. நல்லதை மட்டும் எழுதவும் என்னால் முடியவில்லை.

பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் மாந்தோப்புக்குக் காவலிருந்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவருக்குப் பத்தொன்பது வயது, எனக்கு ஒன்பது. கொட்டகையில் மாங்காய் தரம் பிரித்து என்னை வளர்த்தார். கல்யாணப் பேச்செடுத்தவர்களையெல்லாம், தம்பி முதலில் தலையெடுக்கட்டும் என்று திருப்பி அனுப்பினார். தம்பி தலையெடுத்துத் திருப்பூருக்குப் போய்விட்டான். அக்கா தோப்போரத்து வீட்டில் தனியாக இருந்தார்.

சர்க்கரை நோய் சிறுநீரகத்தைக் கெடுத்தது. டயாலிசிஸ் செய்வதற்காக இடது மணிக்கட்டில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்தார்கள். சில வாரங்களில் அந்த இடம் கயிறு போலப் புடைத்தது. வாரம் மூன்று நாள் இரண்டு தடித்த ஊசிகள் அதில் இறங்கும். குத்திக் குத்தி உள்ளே தழும்பேறும், குழாய் சுருங்கும். அதனால் அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, இறுக்கமாக எதுவும் அணியக் கூடாது என்று நர்ஸ் மலையாளத்தில் சொன்னதை அக்கா ஒன்றுவிடாமல் எனக்குப் போனில் ஒப்பித்தார். கூடை தூக்க முடியாததால் கொட்டகை வேலை போயிற்று. பேச்சுத்துணைக்கு இருந்த பெண்களும் அதோடு போனார்கள்.

தினமும் காலையில் புடைத்த இடத்தில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ரத்தம் ஓடுகிற அதிர்வு தெரியும். தெரியாவிட்டால் அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போயாக வேண்டும். பார்த்துவிட்டு அக்கா எனக்குப் போன் செய்வார்.

"ஓடுது கண்ணு. நீ வேலயப் பாரு."

அவ்வளவுதான். சில நாள் வேலை அவசரத்தில் நான் எடுப்பதில்லை. அந்த வீட்டில் அன்று முழுக்க அவர் வேறு யாரிடமும் பேசியிருக்க மாட்டார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பாலக்காட்டுக்குப் பஸ்ஸில் தனியாகப் போய், நாலு மணி நேரம் படுத்திருந்து, தலைசுற்றலோடு தனியாகத் திரும்புவார். கூட வருகிறேன் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒருமுறையும் போனதில்லை.

அவர் பார்த்த கடைசி மாரியம்மன் நோன்பித் திருவிழாவுக்கு நான் ஊருக்கு வந்திருந்தேன். என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது காப்புக் கட்டுவதாக அக்கா நேர்ந்திருந்தார். சனிக்கிழமை டயாலிசிஸ் முடித்து வந்து காப்புக் கட்டிக்கொண்டார். செவ்வாய் காலை அவிழ்க்கும்வரை கயிற்றில் கை வைக்கக் கூடாது, ஊரெல்லை தாண்டக் கூடாது. மஞ்சள் கயிறு இடக்கையில் இறுக ஏறியது. ஞாயிற்றுக்கிழமை நான் திருப்பூர் திரும்பிவிட்டேன்.

திங்கள் காலையும் போன் வந்தது. ஓடுது என்றுதான் சொன்னார். ஓடவில்லை. கை வீங்கி, கயிறு சதையில் பதிந்து, அதிர்வு நின்றிருந்தது. என் மகளுக்கான வேண்டுதல் பாதியில் கெடக் கூடாதென்று அடுத்த நாள் வரை பொறுத்திருக்கிறார். உள்ளே ரத்தம் உறைந்து இறுகிவிட்டது, திங்களே வந்திருந்தால் எடுத்திருக்கலாம் என்றார் டாக்டர். வலக்கை நரம்புகள் பழைய ஊசிகளால் முன்பே கெட்டிருந்தன. கழுத்தில் குழாய் போட்டார்கள். அதில் இரண்டு முறை கிருமி சேர்ந்தது. இரண்டாம் முறை அக்கா மீளவில்லை.

முன்சீட்டை அக்காவுக்கென்று பிடித்து வைத்த கண்டக்டருக்கும், பக்கத்துப் படுக்கையிலிருந்து தன் தோசையில் பாதியைக் கொடுத்த நல்லேப்பிள்ளி ஊர்க்காரருக்கும், கடைசிவரை கையைப் பிடித்திருந்த நர்ஸுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நான் செய்ய வேண்டியதை அவர்கள் செய்தார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் இதை அச்சுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. விவரம் தெரியாமல் பூசாரி இடக்கையில் கட்டிவிட்டார் என்று ஊரில் பேசுகிறார்கள். அவரைக் குறை சொல்லாதீர்கள். கூட்டம் அதிகமென்று கயிற்றை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் நகர்ந்துவிட்டார். அக்கா வலக்கையைத்தான் நீட்டினார். நாலு பேர் பார்க்கிறார்களே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

"பொம்பளைகளுக்கு எடது கைலதானக்கா கட்டோணும்" என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு இடக்கையை நீட்டினார்.