அம்மா குளிப்பாட்டிய பருத்தி

அன்று காலை எங்கள் பருத்திக் காட்டில் இருந்தது நான், அப்பா, அம்மா, அப்புறம் திருச்சியிலிருந்து ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வந்த வெப்பக் கேமரா. வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் கல்லூரியில் என் புராஜெக்டைப் பார்க்கும் சார். இன்னொருவர் பக்கத்துக் காட்டுச் சித்தப்பா. வரப்புத் தகராறில் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் ரோட்டோரம் எங்கள் காடு. இலையில் தூசி அடைத்தால் செடி சரியாக நீராவி விடாது, சூடேறிவிடும். கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும்போதே கேமராவில் சிவப்பாகிவிடும். அந்தச் சிவப்புப் படம் சாயங்காலத்துக்குள் கிடைத்தால்தான் புராஜெக்ட் தேறும். எங்கள் வீட்டுக்கு இது முதல் பட்டம் என்பதால் அப்பா வெள்ளை வேட்டியில் வந்திருந்தார்.

ரோட்டோர வரிசை கேமராவில் குளுகுளுவென்று நீலமாக இருந்தது. கிட்டே போனால் இலையெல்லாம் பளபளப்பு. நான் போட்டோ எடுக்கப்போகிறேன் என்றதும், முந்தின நாளே அம்மா குழாயடியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து, பழைய துணியால் இலை இலையாகத் துடைத்திருக்கிறார்.

"நாலு பேர் பாக்குற படம். அழுக்கு மூஞ்சியோடயா நிக்க வைப்பாங்க?"

சாருக்குப் போன் போட்டேன். நன்றாகச் சிரித்து முடித்துவிட்டு, அதே ரோட்டோரம் கழுவாத செடி மிச்சமிருக்கிறதா என்றார். அம்மாவைக் கேட்டேன்.

"சித்தப்பா காட்டுல இருக்கு. அதை நான் எதுக்குக் கழுவணும்?"

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பைத் தாண்டிப் போனார். மூன்று வருஷம் கழித்துத் தம்பியிடம் அவர் பேசிய முதல் பேச்சு, செடியைப் படம் பிடிக்கலாமா என்பது.

சித்தப்பா என்னைப் பார்த்தார். "உங்க செடி சுத்தம், என் செடி அழுக்குன்னு காலேஜ்ல காட்டப் போறியா?"

நான் செய்யப்போவது அப்படியே அதுதான். கேமராவை அவர் கையிலேயே கொடுத்தேன். முதலில் அப்பா முகத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் வரிசை, பிறகு அவர் வரிசை. மிளகாய் காயப்போட்ட களம் மாதிரி சிவந்து கிடந்தது.

ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "படம் எடுத்துக்க. ஆனா அண்ணி என் செடியையும் கழுவி வுடணும்" என்றார்.

குடத்தால் ஆகாது, டேங்கர் வந்தால் கழுவுகிறேன் என்றார் அம்மா.

படம் பார்த்து சார் சரி சொன்னார். மறுநாள் டிராக்டர் டேங்கர் வந்தது. சித்தியும் துணியோடு வந்தார். மிச்சத் தண்ணீரில், தூசி அவ்வளவாக எட்டாத எங்கள் இரண்டாம் வரிசையும் குளித்தது. டேங்கருக்கு எண்ணூறு. சித்தப்பா பாதி கொடுத்தார். எங்களுக்கு ஆனது நானூறு ரூபாய்.