மேல்மாடிக்கு இழுத்த கம்பி

லண்டனில், பார்க்கிங் என்கிற பகுதியில் இருக்கும் அத்தான் வீட்டுக் குசினி யன்னலோரம் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. அதன் பச்சை விளக்கு இன்றைக்கும் எரிகிறது. குழந்தை தூங்கும் அறைச் சத்தத்தைக் கீழே கேட்பதற்காக வாங்குகிற பேபி மொனிட்டர் அது. பிள்ளையில்லாத அந்த வீட்டில், மேல்மாடியில் படுக்கையோடு கிடந்த என் அக்காவுக்காக அத்தான் அதை வாங்கிவைத்தார். மேலே இருக்கும் சோடிப் பெட்டி எந்த நேரமும் கேட்டுக்கொண்டிருக்கும். அவள் புரண்டு படுத்தாலும் குசினிக்குத் தெரியும். கீழேயிருந்து பேசத்தான் பொத்தானை அமத்த வேண்டும்.

அத்தான் வீடு வீடாகப் போய்த் தொலைபேசி இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவர். தொலைபேசியை யார் கண்டுபிடித்தது என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும், சோறு ஆறிப்போகும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த ஸ்கொட்லாந்துக்காரரை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அவர் தன் கண்டுபிடிப்பைப் பதிய விண்ணப்பித்த அதே நாளில் ஓர் அமெரிக்கரும் விண்ணப்பித்தார் என்பார். பிறகு அவரையும் தள்ளிவிட்டுத் தன்னுடைய இத்தாலிக்காரரிடம் வந்து நிற்பார். அந்த மனிதர் இவர்கள் இருவருக்கும் வெகுகாலம் முன்பே, நோயில் கிடந்த மனைவியின் அறையிலிருந்து தன் வேலையறைக்குக் கம்பி இழுத்துப் பேசியவராம். முடிவை மட்டும் மேலேயும் கேட்கும்படி பொத்தானை அமத்திக்கொண்டு சொல்வார்.

"பெண்சாதியின்ர குரலைக் கேக்கவேணுமெண்டு செய்தவன்தான் கண்டுபிடிச்சவன். மற்றவை பதியிறதுக்குக் கந்தோருக்கு ஓடினவை."

உடனே பெட்டிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வரும். "பதிஞ்சவன்தான் ஆள். சும்மா அலட்டாதேங்கோ."

அவளுக்கு எந்த இத்தாலிக்காரரோடும் பகை இல்லை. அத்தானைச் சீண்டுவது ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சியிருந்த விளையாட்டு. "உமக்கு ஒருநாளும் விளங்காது!" என்று பொத்தானை அமத்திக் கத்துவார் அவர். முகம் மட்டும் பூரித்துப்போயிருக்கும். அந்தப் பதிலை வாங்குவதற்காகவே அவர் கதையைத் தொடங்குகிறார் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அக்கா போய்விட்டாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, வந்தவர்களெல்லாம் கலைந்த பிறகு, அவளுடைய சேலைகளை மடித்து வைக்க மேலே போனேன். அலுமாரிக் கதவு கிறீச்சிட்டது, சேலைகள் தொங்கிய கொழுவிகள் ஒன்றோடொன்று தட்டுப்பட்டன. இத்தனை நாளாக ஊமையாயிருந்த பெட்டியில் அந்தச் சத்தம் கீழே கேட்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

கட்டிலருகே இருந்த பெட்டியில் அத்தானின் குரல் வந்தது.

"இஞ்சாருமப்பா, நீர் சொன்னதுதான் சரி. பதிஞ்சவன்தான் ஆள். நான் தோத்திட்டன்."

நான் மேலே இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் 'இஞ்சாருமப்பா' என்பது அக்காவுக்கு மட்டும்; என்னை அவர் 'பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார். அவள் பதில் சொல்லும்வரை காத்திருக்கிற வழக்கப்படி காத்திருந்தார். நான் அழுவது கீழே கேட்டுவிடுமே என்று, கையிலிருந்த அவளுடைய சேலையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு நின்றேன்.

இப்போதும் அந்த வீட்டுக்குப் போய்வருகிறேன். தொலைபேசிக் கதையை யாரும் எடுப்பதில்லை. பச்சை விளக்கு எரிகிறது, அத்தான் அதன் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிறார். மேலே எதையாவது எடுக்கப் போனால் நுனிக்காலில்தான் நடக்கிறேன். ஒரு காலடி கேட்டாலும் அவர் கை பொத்தானுக்குப் போகிறது.