பதினேழாம் நம்பர் வண்டிக்குக் கீழே ஒரு கதை

திண்டிவனம் கல்லறைத் தோட்டத்தில் அருள்நாதன் பெயருக்குக் கீழே இரண்டு தேதிகள் மட்டும் இருக்கின்றன. 'எழுத்தாளர்' என்று ஒரு வார்த்தை சேர்க்கலாமா என்று கல் வெட்டுபவர் கேட்டார். வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது அப்படி யாராவது கூப்பிட்டிருந்தால் அவர் திரும்பியே பார்த்திருக்க மாட்டார். "டைம் கீப்பரே" என்றால்தான் திரும்புவார்.

1993-ல் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று குறிக்க வேண்டும். டீக்கடையில் நிற்கும் ஓட்டுநர்களை விரட்ட வேண்டும். மைக்கில் அறிவிக்க வேண்டும். ஆறு வருடம் கழித்துச் சொந்த ஊரான திண்டிவனத்துக்கே மாற்றல் கிடைத்தது. இரண்டு வண்டிகளுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில், பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் கதை எழுதினார். எல்லாம் பஸ் ஸ்டாண்டில் பார்த்த ஆட்கள்தான். பத்திரிகைகளுக்கு அனுப்பினார். அத்தனையும் சுயவிலாசமிட்ட உறையில் திரும்பி வந்தன.

"உங்க கதைக்கு நம்ம வீட்டு அட்ரஸ் நல்லாத் தெரியுது. எங்க வுட்டாலும் கரெக்டா வந்துடுது" என்பாள் மனைவி எலிசா.

2007-ல் மகள் டயானா மயிலத்தில் இன்ஜினியரிங் சேர்ந்தாள். முதல் செமஸ்டர் விடுமுறையில் அப்பாவுக்கு ஒரு வலைப்பூ தொடங்கிக் கொடுத்தாள். அதன் பிறகு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு கதை ஏற்றுவார். மூன்று வருடத்தில் ஒரு ஞாயிறும் தவறவில்லை. பக்கத்தின் ஓரத்தில் வாசகர் எண்ணிக்கையைக் காட்டும் கட்டம் ஒன்று இருந்தது. ஒரு கதைக்கு ஒன்பது பேர், பத்துப் பேர். அதில் பாதி டயானா. காலேஜ் லேபில் இருந்த கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றிலும் போய்த் திறந்து வைப்பாள். அதை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

2010-ல் பெங்களூரிலிருந்து அவருடைய தம்பி பிரான்சிஸ் போன் செய்தான். வல்லம் பக்கம் ஒரு கல்யாணம், திண்டிவனத்திலிருந்து என்னென்ன வண்டி இருக்கிறது என்று கேட்டான். போனில் ஒவ்வொன்றாகச் சொல்லி மாளவில்லை. அருள்நாதன் எல்லா நேரத்தையும் வலைப்பூவில் தட்டிவிட்டு, "போய்ப் பாத்துக்கோடா" என்றார்.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் கட்டத்தில் ஐந்து இலக்க எண். உடனே மகளைக் கூப்பிட்டார்.

"கவுண்டரு ரிப்பேராயிடுச்சிம்மா."

"ரிப்பேர் இல்லப்பா. திண்டிவனம் பஸ் டைம்னு தேடுனா உங்க பக்கந்தான் மொதல்ல வருது. வேற யாருமே போடல."

"அப்ப கதைய படிக்கிறாங்களா?"

"பஸ்ஸ படிக்கிறாங்கப்பா."

மூன்று வருடம் விடாமல் எழுதியதற்குக் கிடைக்காதது, தம்பிக்காக அரை மணி நேரத்தில் தட்டியதற்குக் கிடைத்தது. இரண்டு நாள் அந்தக் கட்டத்தையே திறந்து திறந்து பார்த்தார். மூன்றாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தார். ஒவ்வொரு தடத்துக்கும் தனிப் பக்கம். மேலே நேரம், கீழே கதை. ஞாயிறுதோறும் நேரங்களைத் திருத்துவார், ஒரு பக்கத்தில் புதுக் கதை சேர்ப்பார். செஞ்சி வண்டி ஐந்து நிமிடம் தாமதமாக எடுக்கிறார்கள் என்று யாராவது கருத்து எழுதுவார்கள். கதையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அவர் நிறுத்தவும் இல்லை.

மயிலம் மலைக் கோயிலில் பங்குனி உத்திரம் வந்தால், சுற்றுவட்டாரத்தில் கிராமங்களுக்கு ஓடும் வண்டிகள் சிலவற்றை எடுத்து அங்கே சிறப்புப் பேருந்தாக விடுவார்கள். வருடா வருடம் நடப்பது. அதை மைக்கில் அறிவிப்பவரே அருள்நாதன்தான். 2013-லும் அறிவித்தார். ஆனால் வலைப்பூவில் போட மறந்துவிட்டார். அந்த வருடம் உத்திரமும் புனித வாரமும் சேர்ந்து வந்தன. குருத்து ஞாயிறன்று பூசை முடிந்து வந்து உட்கார்ந்தவர், ஒரு கதையின் கடைசிப் பத்தியை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். நேரப் பட்டியலைத் தொடவே இல்லை.

பெரிய வெள்ளியன்று மத்தியானம் திறந்து பார்த்தார். பதினேழாம் நம்பர் பக்கத்தில், உத்திர நாளான செவ்வாய்க்கிழமை தேதியிட்டு ஒரு கருத்து இருந்தது.

'உங்க டைம நம்பி 6.40 வண்டிக்கு நின்னோம். வண்டியே வரல. அப்பாவுக்கு நெஞ்சு வலி. ரொம்ப நன்றி சார். முருகையன்.'

அவ்வளவுதான்.

பதினேழாம் நம்பர், வல்லத்தைத் தாண்டி உள்ளே ஒன்பது கிராமங்களுக்குப் போகிற வண்டி. காலையில் அந்த ஊர்களுக்கு அது ஒன்றுதான். அருள்நாதனுக்கு அது தெரியும். 'அப்பா எப்படி இருக்கிறார்?' என்று பதில் போட்டார். அரை மணிக்கு ஒரு தடவை திறந்து பார்த்தார். மறுநாளும் போட்டார். பதில் இல்லை. சென்னையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த டயானாவைக் கூப்பிட்டார். கருத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வழியில்லை என்று அவள் சொன்னாள். இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதையே சொன்னாள்.

சனிக்கிழமை கோயிலுக்குப் போய் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னார். பஸ் நேரத்தைத் திருத்தாதது பத்துக் கட்டளைகளில் எதற்குக் கீழே வரும் என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஃபாதர், "எந்த வண்டி?" என்றார்.

அதற்குப் பிறகு கதை எழுதவில்லை. நேரங்களை மட்டும் திருத்தினார், அதுவும் தினம். வார ஓய்வு நாளில் பதினேழாம் நம்பரில் ஏறி ஒவ்வோர் ஊராக இறங்கி விசாரித்தார்.

"எத்தினி முருகையன்ணே வேணும் உனக்கு? தெருவுக்கு ஒருத்தன் கீறான்" என்றான் கண்டக்டர் சீனுவாசன்.

நான்கு முருகையன்களைப் பார்த்தார். ஒருவருக்கே எழுபது வயது. இன்னொரு வீட்டில் நடுச்சுவரில் புதுப் படம், அதற்கு மாலை. அருள்நாதன் வாசலைத் தாண்டவில்லை. அது மாமனார் படம், கேன்சரில் போனவர் என்றார்கள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்.

"அந்தாளு செத்திருந்தா நீங்க இன்னா பண்ணப் போறீங்க?" என்று எலிசா கேட்டாள்.

"போய் நிப்பேன்."

"நின்னு?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பதினேழைப் பிடிக்கக் கிளம்பினார்.

ஆறு வாரம் போனது. மே மாதம் ஒரு நாள் பதினோரு மணி இருக்கும். செஞ்சி வண்டியை அறிவித்துவிட்டு நிமிர்ந்தார். ஜன்னலுக்கு வெளியே முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் செல்போனும் கையுமாக நின்றார்.

"சார், பதினேழு இன்னிக்கி வருமா?"

"பதினொண்ணு இருவதுக்கு வரும்."

"கண்டிப்பா வருமா?"

"வரும்யா. ஏன்?"

"நெட்ல ஒருத்தன் டைம் போடறான் சார். அவனும் பதினொண்ணு இருவதுதான் போட்டுக்கிறான். அந்தாள நம்ப முடியாது. ஒருவாட்டி பெரிய பேஜாரா பூட்ச்சி. அதான் கேட்டுக்கினு போலாம்னு."

செல்போனைத் திருப்பிக் காட்டினார். அருள்நாதனின் பக்கம்.

"உன் பேரு இன்னாப்பா?"

"முருகையன்."

அருள்நாதன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அப்பா?"

"அப்பாவா? தோ, மல்லாட்டைக்காரிகிட்ட சண்ட போட்டுக்கினு கீறாரு பாருங்க. அவிச்சதுல பாதி பொக்குன்றாரு. உப்பு ஆவாதுன்னு டாக்டர் இப்பதான் சொல்லி அனுப்ச்சாரு."

அருள்நாதன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "அந்தாளு நான்தான்யா" என்றார்.

மைக்கை அணைக்கவில்லை. பேருந்து நிலையம் முழுக்க அது கேட்டது. டீக்கடையில் நின்ற ஓட்டுநர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முருகையன் செல்போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களா சார்? நான் கமெண்ட் போட்டேனே, பாத்தீங்களா?"

"பாத்து, பதிலும் போட்டேனேப்பா. எத்தினி பதில்!"

"அதெல்லாம் யாரு சார் போய்ப் பாக்கறது? கோவத்துல போட்டேன், அதோட மறந்துட்டேன்."

"அன்னிக்கி எப்படிப் போனீங்க?"

"பால் வண்டி. முக்கா மணியில ஆசுபத்திரி. பஸ்ஸுன்னா ஊரு ஊரா நின்னு வந்திருக்கணும்."

"அப்ப வண்டி வராததே நல்லதாப் போச்சின்றியா?"

"அப்டிலாம் சொல்ல மாட்டேன் சார். பால்காரன் அன்னிக்கி லேட்டு. அவன் டைமுக்கு வந்து போயிருந்தா அதுவும் இல்ல. எங்க நேரம், அவ்ளோதான்."

அதற்குள் பெரியவர் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வந்துவிட்டார். சுப்பராயலு என்று பெயர். நல்ல வெள்ளை வேட்டி. நெஞ்சு வலி வந்த ஆள் என்று சொன்னால் நம்ப முடியாத குரல்.

"யார்றா அது மைக்குல?"

"இவருதாம்பா. டைம் போடறவரு."

"கீழ கதை போடற ஆளா?" பெரியவர் ஜன்னலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். "யோவ், ஏன்யா இப்பல்லாம் போடறதில்ல? இவன் டைம பாத்துட்டு மூடிடுவான். கீழ படிடா, கீழ படிடான்னு நான் அடிச்சிக்கணும். ஆசுபத்திரில படுத்துக்கினு பூராத்தையும் கேட்டேன்."

அருள்நாதன் எழுந்து நின்றார். "பூராத்தையுமா?"

"ஒண்ணு மட்டும் புடிக்கல. செஞ்சி பஸ்ஸுல ஒரு மாமியாரு வருவாளே, அவள அவ்ளோ நல்லவளா காட்டிட்ட. அப்டிலாம் எங்கயும் கெடையாது. ஜல்தியா மாத்து."

"மாத்திடறேங்க."

பதினேழாம் நம்பர் பதினான்கு நிமிடம் தாமதமாக வந்தது. முருகையன் அப்பாவைக் கைபிடித்து ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்தார். சீனுவாசன் விசில் கொடுக்கப் போனவன் நின்று, "அண்ணே, டைம் போடுண்ணே" என்று கத்தினான். கடிகாரம் அருள்நாதனின் தலைக்கு மேலேயே இருந்தது. கண்ணீர் மறைத்தது.

"மணி இன்னான்னு நீயே சொல்லுடா" என்றார்.

சீனுவாசன் சொன்னான். அவர் எழுதினார்.

அந்த ஞாயிறு, பதினேழாம் நம்பரின் நேரங்களுக்குக் கீழே ஒரு புதுக் கதை வந்தது. செஞ்சிப் பக்கத்தில் இருந்த பழைய கதையும் மாறியிருந்தது. மாமியார் முதல் வரியிலிருந்தே வாயைத் திறந்து வைய ஆரம்பித்திருந்தாள்.