குமாரவேல் நடத்திய இங்கிலாந்து விளையாட்டு

ஒரு நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்த நாட்டு டிவியில் என்ன போட்டி ஓடுகிறது என்று பார்த்தால் போதும் என்பது குமாரவேலின் கட்சி. அரசியலும் வேண்டாம், சரித்திரமும் வேண்டாம். பி.என். ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த எங்கள் பனியன் கம்பெனியில் அவர் லைன் சூப்பர்வைசர். நான் ஸ்டோரில் நூலும் லேபிளும் எடுத்துக் கொடுக்கிறவன். மதியம் ஸ்டோர் வாசலில் வந்து உட்கார்ந்தாரென்றால், டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்பே ஒரு தேசத்தைத் திறந்துவிடுவார். எனக்கோ பசி காதை அடைக்கும். இருந்தும் கேட்டுக்கொண்டிருப்பேன், மனிதர் அவ்வளவு ருசியாகச் சொல்வார்.

சோமனூரில் தறி ஓட்டிய குடும்பம் அவருடையது. தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவர்கள் எல்லாம் கத்திப் பேசுவார்கள். இவர் நேர்மாறு, குரலே உயராது. தையல் கோணலாகப் போனால்கூட, "கண்ணு, இதை மட்டும் பிரிச்சுப் போட்டுடறியா" என்பார். சூப்பர்வைசர் என்றால் நாலு கெட்ட வார்த்தையாவது தெரிந்திருக்க வேண்டும் என்று நம்புகிற ஊரில் இவர் எப்படிக் காலம் தள்ளினார் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

அவர் குடியிருந்த பக்கத்துக் கேபிள்காரர், பெரிய டிஷ் ஆன்டெனாக் குடையை எந்தப் பக்கம் திருப்பினால் எந்த நாட்டுச் சேனல் சும்மா கிடைக்கும் என்று தெரிந்து வைத்திருந்தார். இத்தாலி வரும், பிரான்ஸ் வரும், என்ன மொழி என்றே தெரியாத இன்னும் சிலதும் வரும். புரியாமல் என்னத்தைப் பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"பாஷை புரியாமப் பார்த்தாத்தானுங்க மூஞ்சி தெரியும்" என்றார்.

அந்த மூஞ்சிகளை வைத்து அவர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். இத்தாலிக்காரனுக்குக் கேள்வி ஒரு சாக்கு, ஆட்டம் பாட்டுதான் முக்கியம். பிரான்ஸ்காரன் எழுத்தைக் கலைத்துப் போட்டு வார்த்தை சேர்க்கிறான், ஜெயித்தவனுக்கு அகராதியைக் கையில் கொடுத்து அனுப்புகிறான். அமெரிக்காக்காரன் ஜெயித்தால் அழுகிறான், தோற்றால் சிரிக்கிறான். குழந்தைகள் சேனலில் வரும் ஜப்பான்காரன் சேற்றில் விழுந்து எழுந்து கும்பிடு போட்டுவிட்டுப் போகிறான். இந்தியில் கோடி ரூபாய்க் கேள்வி வருவதற்குள் ஆடுகிறவரின் குடும்பக் கஷ்டம் முழுக்க வந்துவிடுகிறது. "நம்ம தமிழ் சேனல்ல பாருங்க, தோத்தவங்களுக்கும் ஒரு பையைக் கையில குடுத்துத்தான் அனுப்பறாங்க. வெறுங்கையா அனுப்ப நமக்கு மனசு வராதுங்க" என்று சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. இவரே போய்ப் பையைக் கொடுத்ததுபோல இருக்கும்.

துணியைப் பரிசோதிக்க வரும் வெளிநாட்டுக்காரர்களையும் அவர் விட்டுவைப்பதில்லை. அவர்கள் தையலை இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், இவர் அரைகுறை இங்கிலீஷில் உங்கள் ஊரில் என்ன போட்டி ஓடுகிறது என்று விசாரித்துக்கொண்டிருப்பார். அப்படி வந்த இங்கிலாந்து அம்மா ஒருவர், அடுத்த முறை வரும்போது ஒரு சிடி கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பார்த்ததிலிருந்து மனிதருக்கு மற்ற நாடெல்லாம் மறந்துபோனது.

விளையாட்டு இதுதான். கொஞ்சம் பேர் ஒரே அணியாக நின்று கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும், தங்களில் யார் மோசம் என்று ஆளாளுக்கு அட்டையில் ஒரு பெயரை எழுதிக் காட்ட வேண்டும். அதிகம் எழுதப்பட்டவர் வெளியே. நடத்துகிற அம்மாள் அவரைப் பார்த்து இரக்கமே இல்லாமல் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவைப்பாள். இந்தியிலும் இதைக் கொஞ்ச நாள் காட்டினார்கள், நிலைக்கவில்லை. நம் ஆட்களுக்குக் காசு கொடுத்தாலும் திட்டு வாங்கப் பிடிக்காது என்பது குமாரவேலின் விளக்கம்.

"அங்க மொதல்ல சோப்ளாங்கிய அனுப்பறாங்க. கடைசில கெட்டிக்காரனை அனுப்பறாங்க, அவன் இருந்தாப் பரிசு போயிருமுல்லீங்க. நம்மாளுக யாரை அனுப்புவாங்கன்னு பார்க்கோணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டாயிரத்து எட்டு ஆயுத பூஜைக்கு அந்த ஆசை நிறைவேறியது.

ஆயுத பூஜை அன்று எங்கள் கம்பெனியில் மிஷின்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்து, பிறகு மைக் கட்டி ஏதாவது நிகழ்ச்சி நடத்துவார்கள். கட்டிங் டேபிள்தான் மேடை. அந்த வருஷம் குமாரவேல் தன் லைனிலிருந்தே ஆட்களைப் பொறுக்கி மேடையேற்றினார். அவர்களில் ஒருத்தி மதுமதி, சிறு பெண், உள்ளூர்க்காரி. இன்னொருவர் ரோஸ்மேரி. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து பல வருஷமாக ஓவர்லாக் மிஷினில் தைக்கிறவர். சாயப்பட்டறையில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டுப்போன கணவர் வீட்டில் இருந்தார். அவருக்கு வைத்தியம் ரோஸ்மேரியின் ஈஎஸ்ஐ கார்டில்தான் நடந்தது. லைனில் யாருக்குத் தலைவலி என்றாலும் அவர் வேலையையும் சேர்த்து அடித்துக் கொடுக்கிற பெண்மணி. முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை.

முதல் சுற்றில் கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னது ரோஸ்மேரிதான். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மதுமதி சென்னிமலை எந்த மாவட்டம் என்பதற்குக்கூடத் தப்பாகச் சொன்னாள். பிறகு அட்டைப்பெட்டியை வெட்டிய துண்டுகளில் மார்க்கரால் பெயர் எழுதினார்கள். அந்த நேரம் பார்த்து முதலாளி வேறு யூனிட்டில் பூஜையை முடித்துவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கேள்வியும் பதிலும் அவருக்குத் தெரியாது. அவர் பார்த்தது அட்டைகளை மட்டும்தான்.

ரோஸ்மேரியின் அட்டை வெறுமையாக இருந்தது. மற்ற எல்லா அட்டையிலும் ரோஸ்மேரியின் பெயர்.

குமாரவேல் ஒரு நொடி திகைத்தார். ஆனால் கையில் மைக், எதிரே கூட்டம். வாழ்க்கையில் யாரையும் அதட்டாத மனிதருக்கு அதட்டச் சொல்லி ஒரு வேஷம் கிடைத்திருந்தது. சிடியில் போட்டியை நடத்துகிற அம்மாள் மாதிரியே கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, "ரோஸ்மேரி, இந்த லைனுக்கே பாரம் நீங்கதான். கிளம்பலாம்" என்றார். கூட்டம் விசில் அடித்தது. ரோஸ்மேரி வாய்விட்டுச் சிரித்து, எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார். முதலாளியும் சுண்டலை வைத்துவிட்டுக் கை தட்டினார்.

விளையாட்டு முடிந்ததும் குமாரவேல் மதுமதியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஏன் கண்ணு, அவங்கதான எல்லாத்துக்கும் பதில் சொன்னாங்க?"

"வேற யார் பேரை எழுதினாலும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்கண்ணா. நாளைக்குப் பக்கத்து மிஷின்ல உக்காரோணுமுல்ல. ரோஸ்மேரி அக்கான்னா ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டாங்க."

மற்றவர்களையும் விசாரித்தார். யாரும் கூடிப் பேசி எழுதவில்லை. ஆனால் எல்லோருக்கும் அதே காரணம்தான். குமாரவேலுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், "கோவிச்சுக்காதவங்களாப் பார்த்து அனுப்பறதுங்க, இது எந்த நாட்லயும் இல்லீங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன், சிரிப்பு வரத்தானே செய்யும்.

அந்த வருஷக் குளிர்காலத்தில் அமெரிக்காவில் பாங்குகள் கவிழ்ந்த கதை பேப்பரிலிருந்து இறங்கி எங்கள் ஸ்டோருக்குள் வந்துவிட்டது. வர வேண்டிய ஆர்டர் வரவில்லை. தைத்து அடுக்கியதையும் வாங்குகிற வெளிநாட்டு பையர் இப்போது வேண்டாம் என்றான். லைனில் ஆள் குறைக்க வேண்டும், முதலில் ஒருவரை என்று முதலாளி குமாரவேலைக் கூப்பிட்டார். உள்ளே என்ன நடந்தது என்பதை அன்று சாயங்காலமே அவர் என்னிடம் சொன்னார்.

"யாரை நிறுத்தலாம், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார் முதலாளி. குமாரவேல் பேசவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முதலாளியே, "பூஜையன்னைக்கு எல்லாரும் ஒரே பேரைத்தானுங்க எழுதினாங்க. கூட வேலை செய்யறவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது" என்றாராம். கெட்ட மனிதர் இல்லை அவர். யாருக்கும் அநியாயம் செய்யாமல் முடிவெடுத்துவிட்டோம் என்றே நம்பியிருப்பார்.

"நீங்க சொல்லியிருக்கலாமே, அது மோசமான ஆளுக்குப் போட்ட ஓட்டு இல்லைன்னு" என்றேன்.

"சொல்லலாமுங்க. அப்ப வேற ஒரு பேரைச் சொல்லுன்னு கேப்பாருல்லீங்க. மதுமதியச் சொன்னா அவங்கப்பன் கேட்டுல வந்து நிப்பான். மத்தவங்களும் அப்படித்தான். ரோஸ்மேரின்னா..." மீதியை நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த அட்டைகளை எழுதியவர்கள் செய்ததையேதான் இவரும் செய்திருக்கிறார், பேனா மட்டும் இல்லை.

எனக்கு அவர்மேல் கடுங்கோபம். வாயில்லாப் பூச்சி என்று நான் நினைத்திருந்த மனிதர், வாயைத் திறக்க வேண்டிய ஒரே இடத்தில் மூடிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்திருந்தார். திட்டிவிடலாம் என்றுதான் பார்த்தேன். சாப்பாட்டுப் பாத்திரத்தைக்கூடத் திறக்காமல் கொண்டுவந்திருந்தார், அதைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை சம்பளத்தோடு ரோஸ்மேரியை அனுப்பிவிட்டார்கள். அவர் யாரோடும் சண்டை போடவில்லை. கத்தரிக்கோலை மதுமதியிடம் கொடுத்துவிட்டு டிபன் பையை எடுத்துக்கொண்டு போனார். மதுமதி திங்கட்கிழமை முழுக்க அழுதுகொண்டே தைத்தாள்.

அதற்குப் பிறகு குமாரவேல் எந்த நாட்டைப் பற்றியும் பேசவில்லை. கேபிளையே நிறுத்திவிட்டார் என்று அவர் மனைவி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். தைப்பூசத்துக்கு வழக்கம்போலச் சிவன்மலைக்குப் போய் வந்தவரிடம், என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "கேக்கறதுக்கு மூஞ்சி இல்லீங்க, சும்மா நின்னுட்டு வந்தேன்" என்றார். சாப்பிடும்போது எதிரே ஆள் இருப்பதையே மறந்துவிடுவார். குற்ற உணர்ச்சி ஒரு மனிதனை இப்படி உள்ளேயிருந்து தின்னும் என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன், பாவமாகவும் இருந்தது, நன்றாகப் படட்டும் என்றும் இருந்தது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோஸ்மேரி நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு சின்ன ஷெட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார் என்று தெரிந்து, கூட வரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அவருடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். ஷிப்மென்ட் அவசரம் என்று ஞாயிற்றுக்கிழமையும் ஷெட் ஓடிக்கொண்டிருந்தது. டீ நேரம். ரோஸ்மேரி வெளியே வந்து, "வாங்க அண்ணாச்சி" என்று இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். தலைமுடியில் பஞ்சு படிந்திருந்தது. கணவர் எப்படி என்று கேட்டேன். ஈஎஸ்ஐ இந்த ஷெட்டில் கிடையாது, பழைய கார்டும் கொஞ்ச நாளில் செல்லாது, அதற்குமேல் அரசு ஆஸ்பத்திரிதான் என்றார்.

குமாரவேல் டீயைக் குடிக்காமலே எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி அறையில் பேசாமல் இருந்ததைக்கூட மறைக்கவில்லை. கடைசியில், "யாரும் உங்க வேலை சரியில்லைன்னு எழுதலீங்க. நீங்க தப்பா நெனைச்சுக்க மாட்டீங்கன்னுதானுங்க எழுதினாங்க. நானும் அதை நம்பித்தானுங்க..." என்று நிறுத்தினார்.

"தப்பா நெனைக்க மாட்டேன்னு உங்ககிட்ட யாரு சொன்னா அண்ணாச்சி?" என்று கேட்டார் ரோஸ்மேரி.

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அத்தன பேரு முன்னால சிரிக்காம, பின்ன அழவா முடியும்? எல்லா அட்டையிலயும் எம்பேரு. பாரம்னு மைக்குல வேற சொன்னிய. வீட்டுக்குப் போயி அவுககிட்ட, நான் நெசமாவே பாரமான்னு கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். அன்னைக்கே தப்பாத்தான் நெனச்சேன். யாரும் கேக்கல."

குமாரவேலின் கண் நிறைந்துவிட்டது. "மன்னிச்சுக்கோங்க" என்றார்.

"இப்ப வந்து கேக்கியளே, நான் சரின்னுதான் சொல்லுவேன்னு நெனச்சுத்தானே வந்திய?"

குமாரவேல் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"சரின்னு சொல்ல முடியல அண்ணாச்சி" என்றார் ரோஸ்மேரி. உள்ளே மிஷின்கள் ஓடத் தொடங்கியிருந்தன. குமாரவேல் குடிக்காமல் வைத்த டீயை எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, எங்கள் டீக்கும் ரோஸ்மேரியே காசு கொடுத்துவிட்டுப் போய் மிஷினில் உட்கார்ந்தார்.