பின்னேரத் தொலைபேசிக்கு ஆள் தேவையில்லையாம்

வானிலைக் கந்தோரில் வேலை செய்யிறவனுக்கு மழை பெய்தாலும் ஏச்சு, பெய்யாட்டியும் ஏச்சு. வேறு கந்தோர்களில் கதிரை தேய்க்கிற உங்களுக்கும் இது புதினமில்லை. திருகோணமலைத் துறைமுகப் பக்கம் நான் பல வருசமாக அந்தக் கதிரையில். பின்னேரத்தில் கடற்காரர் தொலைபேசி எடுப்பார்கள், காற்றும் அலையும் எப்படியென்று சொல்லுவேன். செலவு கூடிப்போச்சென்று அந்தப் பின்னேர வேலையிலதான் கை வைத்தார்கள்.

சிக்கனம்

கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். காலையில் ஒருதரம் சொன்னால் காணாதா, பின்னேரமும் எதுக்கு ஆள் என்று கேட்டார். தோணிகள் இரவில்தான் போகும், அதுக்குள்ள காற்று மாறிவிடும் என்று தொண்டைத் தண்ணி வற்ற விளங்கப்படுத்தினேன். நல்லாத் தலையாட்டினார். நீங்கள் எச்சரித்த நாட்களில் தோணி ஏதும் கவிழ்ந்ததா என்றார். ஒன்றுமில்லை, ஒருத்தரும் போகவில்லையே என்று நான் பெருமையாகச் சொல்ல, அவர் பேனையை மூடினார்.

"அப்ப இந்தப் பக்கத்தில பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே."

தேத்தண்ணிக் கடை

இறங்குதுறைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையிலும் அதே கதைதான். கிண்ணியாவில் மீன் யாவாரம் செய்யிற நியாஸ் நானா, போனிலேயே எல்லாம் வருது, கந்தோரை மூடினால் என்ன என்றார். போன் டவுனுக்குச் சொல்லுது, நடுக்கடலுக்குச் சொல்லுதா என்று நான் கேட்டேன். பக்கத்து மேசைக்காரர்களும் சேர்ந்து அரை மணித்தியாலம் வாதாடினார்கள். கடைசியில் நியாஸ் நானா மனம் மாறினார். என் நியாயத்தைக் கேட்டு மாறவில்லை.

"போன் பிழையாச் சொன்னா ஆரைப் போய் ஏசுற, சேர்? அதுக்காவது நீங்க இருக்கணும்."

கொடியில் உடுப்பு

அடுத்த மாதமே உத்தரவு வந்தது. பின்னேர வேலை நின்றது. ஊர் சும்மா இருக்குமா? என் வீட்டுக் கொடியைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. என் மனைவி உடுப்புக் காயப்போட்டால் வெயில், போடாவிட்டால் மழை. அவளுக்கு ஒரு கிழமை காய்ச்சல், கொடி வெறுமையாகக் கிடந்தது. நல்ல வெயிலில் எங்கள் ஒழுங்கை வீடுகள் முழுக்கக் காயப்போட்டிருந்த மிளகாயை அள்ளி உள்ளே வைத்துவிட்டார்கள். முன்வீட்டுக் கமலாக்கா சுகம் விசாரிக்க வரவில்லை, நியாயம் கேட்கத்தான் வந்தா.

"காய்ச்சலெண்டு முதலே சொல்லியிருக்கலாமே, எங்கட மிளகாய் பூஞ்சணம் பிடிச்சுப்போச்சு."

மூதூர்க்காரி

மூதூர் பரீதாக்காவை எனக்குக் குரலில் மட்டும்தான் தெரியும். அவவின் புருசன் கடலுக்குப் போகிறவர். பின்னேரமானால் முதல் அழைப்பு அவவுடையதுதான். பின்னேர வேலை நின்ற கிழமையே ஒரு நாள் காலையில் பஸ் ஏறிக் கந்தோருக்கே வந்து நின்றா. நாலைந்து நாளாகத் தொலைபேசி அடிக்குது, ஒருத்தரும் எடுக்கிறதில்லை என்றா. விசயத்தைச் சொன்னேன். காலை அறிக்கையைக் கேளுங்கோ, போனிலும் வருமே என்று அந்தப் பெரியவர் மாதிரியே நானும் கதைத்தேன். சொல்ல எனக்கே வெட்கமாயிருந்தது. அவ கோபிக்கவில்லை.

"நான் போகாதீங்க எண்டா, பொம்பிளைக்குப் பயம் எண்டு சிரிச்சிட்டுப் போயிருவார். கந்தோர்ல சொன்ன எண்டாத்தான் நிப்பார். இனி நான் ஆர்ர பேரைச் சொல்லி அவர மறிக்கிற, தம்பி?"

என் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தேன், வேறென்ன செய்ய. இப்போது அரசாங்கத்துக்குப் பின்னேரச் செலவு மிச்சம், பரீதாக்காவின் புருசன் காற்றடிக்கிற நாளில் கரையில், நான்தான் சாப்பாட்டுக் கோப்பையோடு போனில்.